முல்லை படித்த பஸ்

குரு என்றதும் தாடி, ஆசிரமம், மரத்தடி என்று யாராவது கற்பனை பண்ணிக்கொண்டால் அதற்கு நாம் பொறுப்பில்லை. இந்தக் கதையின் குரு சீர்காழியில் ஒரு மாடிவீட்டில் குடியிருக்கிறாள். பெயர் அங்கயற்கண்ணி. மூன்று பிள்ளைகள். மூன்றையும் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் வீடு என்று வளர்க்கிறாள். அந்தப் பாதி நாளில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அப்பா அம்மாக்கள் வருவார்கள். எல்லாருக்கும் அவள் கண்ணி அக்கா. கேள்வி கேட்டால் கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வாள். பல நேரம் பதிலே சொல்ல மாட்டாள். எதையாவது செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சிஷ்யன் இளவழுதி. ஊர் திருவெண்காடு. அங்கே புதன் சன்னிதி இருக்கிறது. பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்து கும்பிட்டுப் போகிறார்கள். இவன் அந்தக் கோயில் தெருவிலேயே இருந்துகொண்டு, பிள்ளை படிப்புக்காகச் சீர்காழிக்கு பஸ் ஏறுகிறான். புதன் பகவான் கோபித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.

கண்ணியைவிட இளவழுதி வயதில் மூத்தவன். ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவளை அக்கா என்பான். அவள் மரியாதையாக அவனை அண்ணே என்பாள். யார் பெரியவர் என்று தெரியாமல் புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

“நான் உங்க சிஷ்யன் அக்கா” என்பான் இவன்.

“சிஷ்யன் கிஷ்யன்னு சொன்னீங்கன்னா காபி கிடையாது அண்ணே” என்பாள் அவள்.

ஒருமுறை, பிள்ளையை ஒரே இடத்தில் உட்காரவைப்பது எப்படி என்று கேட்டான். “இங்க உக்காருங்க, அசையாதீங்க, வந்துடறேன்” என்று அவனைப் பாயில் உட்காரவைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கால் மரத்து, முதுகு பிடித்து, பாதி சாய்ந்து கிடந்தான். “அசையாம இருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பையை உள்ளே கொண்டுபோனாள். அவ்வளவுதான் பாடம். அதற்கப்புறம் “அசையாம உக்காரு” என்ற வார்த்தை இவன் வாயிலிருந்து வந்ததில்லை.

அப்படிப்பட்ட சிஷ்யன் ஒரு சனிக்கிழமை காலை, மகள் முல்லையை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான். ஏறினான் என்றா சொல்வது? தாவினான். முல்லை உள்ளே வந்த வேகத்தில் கண்ணியின் பிள்ளைகளைத் தேடி மொட்டைமாடிக்கு ஓடிவிட்டாள்.

“அக்கா! படிச்சிட்டா!”

கண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “யாரு?”

“முல்லை அக்கா! எங்க முல்லை! எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டா!”

“அடி சக்கை!” கீரைக் காம்பைக் கீழே போட்டாள் கண்ணி. “எதைப் படிச்சா?”

“உப்புப் பாக்கெட்டைப் படிச்சாளாம். சுடர் சமைக்கும்போது பக்கத்துல நின்னு, உ, ப், பு, உப்புன்னு படிச்சாளாம்.” சுடர் என்பது சுடர்க்கொடி, அவன் மனைவி. “கோயில் வாசல்ல ‘காலணிகளை இங்கே விடவும்’னு போர்டு இருக்குல்ல அக்கா? பூக்காரம்மா மடியில உக்காந்துகிட்டு அதை முழுசாப் படிச்சாளாம். இஸ்திரிக் கடையில பழைய பேப்பரை எடுத்து வச்சுகிட்டு, பெரிய எழுத்தெல்லாம் விடாமப் படிச்சாளாம்!”

கண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன அண்ணே, எல்லாம் ‘ளாம், ளாம்’னே வருது? நீங்க கேக்கலையா?”

இளவழுதி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். வந்த வேகமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அதுக்குத்தானே அக்கா வந்தேன்” என்றான். “ஊரே கேட்டுடுச்சு. நான் ஒருத்தன்தான் கேக்கல.”

விஷயம் இதுதான். திருவெண்காட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பெரிய டீச்சரின் சம்மதத்தோடு முல்லையைக் கூட்டி வந்துவிடுவான். மிச்சப் பாடம் வீட்டில். சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் என்பதால் மத்தியானத்தை மகளுக்கென்று ஒதுக்கி, மாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். இதற்காகச் சம்பள உயர்வை விட்டான், சென்னையை விட்டான், நண்பர்களின் கேலியைக் காதில் வாங்காமல் விட்டான். எல்லாம் எதற்கு? தன் மகள் முதன்முதலாக ஒரு வார்த்தையைப் படிக்கும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு. அந்த ஒன்றுதான் நடக்கவில்லை.

“நீங்க கேட்டா என்ன செய்யறா?”

“வாயை இறுக்கி மூடிக்கிறா அக்கா.”

“எப்படிக் கேக்குறீங்க?”

“எப்படின்னா... முறையாத்தான். சட்டையை இன் பண்ணிகிட்டு, பலகையில எழுதி, குச்சியை வச்சு, இது என்னன்னு கேப்பேன்.”

“இன் பண்ணிகிட்டா?”

இளவழுதி கொஞ்சம் நெளிந்தான். “பாட நேரம்னா ஒரு ஒழுங்கு வேணும்ல அக்கா. இன் பண்ணிட்டா நான் சார். சார்னுதான் கூப்பிடணும். நீங்க வாங்கன்னுதான் பேசணும். பாடம் முடிஞ்சு சட்டையை வெளிய எடுத்துவிட்டா அப்பா.”

கண்ணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கீரை முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். “சொந்தப் பொண்ணுக்கே சாரா! ஐயோ அண்ணே, ஐயோ!”

“சிரிக்காதீங்க அக்கா. வயிறு எரியுது எனக்கு.”

“சரி, சிரிக்கல. பலகையில எழுதி இது என்னன்னு கேப்பீங்க. அவ என்ன சொல்வா?”

“அதான் அக்கா, பேச்சைப் பாருங்களேன். ‘உங்களுக்குத்தான் தெரியுமே சார்’ங்குறா.”

முறத்தை இறக்கி வைத்தாள் கண்ணி.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“‘உங்களுக்குத்தான் தெரியுமே சார்.’ அஞ்சு வயசுப் பிள்ளை பேசுற பேச்சா இது? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் கேக்குறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் பலகையைப் பாக்கவே மாட்டேங்குறா. நான் ரூமுக்குள்ள வந்தா கையில இருக்குற புத்தகத்தை மூடிடறா அக்கா. சொந்த அப்பன் வந்தா புத்தகத்தை மூடுது பிள்ளை!” நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டான். “திங்கக்கிழமை பெரிய டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லிடலாம்னு இருக்கேன். முழு நாளும் அங்கயே இருக்கட்டும். எனக்கு இது வரல. ஆனா ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை அவ படிச்சு என் காதால கேட்டுட்டேன்னா போதும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

கண்ணி எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“எதுல வந்தீங்க?”

“பஸ்ல.”

“திரும்பி?”

“பஸ்லதான். ஏன் அக்கா?”

“கண்ணாடியைக் கழட்டுங்க.”

இளவழுதியின் கண்ணாடி லேசுப்பட்டதல்ல. அதைக் கழற்றினால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மட்டும்தான் அவனுக்குச் சொந்தம். அதற்கு அப்பால் உலகமே கலங்கின குழம்பு.

“எதுக்கு அக்கா?”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க.”

“ஐயய்யோ! ஊருக்குப் போகணுமே! கண்ணு தெரியாதே!”

“அதான் முல்லை இருக்காள்ல?”

சொல்லிவிட்டு, அவன் மூக்கின்மேலிருந்து தானே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே டப்பா திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அரிசிக்குள் புதைத்தாளோ பருப்புக்குள் புதைத்தாளோ, யார் கண்டது? போய்க் கேட்கிற தைரியம் இவனுக்கு இல்லை.

சீர்காழி பஸ் ஸ்டாண்டு சனிக்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, உறுமுகிற இஞ்சின்கள், ‘ஏறு ஏறு’ என்ற கூப்பாடு. இளவழுதிக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண்ணில் பச்சையும் நீலமுமாகப் பெரிய பெரிய கட்டிகள் நகர்ந்தன. ஒவ்வொன்றும் பஸ்ஸாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டான். முல்லையின் கையை இறுக்கிப் பிடித்தான்.

திருவெண்காட்டு பஸ் எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கென்று பார்த்து அந்த இடத்தில் ஏதோ பள்ளம் தோண்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். பஸ்கள் கண்ட இடத்தில் நின்றன. ஒரு பச்சைக் கட்டி எதிரே வந்து நின்றது.

“பாப்பா, இது என்ன பஸ்?”

முல்லை நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸை அல்ல, அவன் இடுப்பை. சட்டை வெளியேதான் தொங்கியது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

“இது பாடமா?”

“இல்லடா தங்கம். நெசமாவே தெரியல.”

“பொய்.”

“சத்தியமா. கண்ணாடி இல்லல்ல?”

முல்லை அவன் கையை உதறினாள். நாலடி பின்னால் போய் நின்று, கையைத் தூக்கிக் காட்டினாள்.

“இது எத்தனை விரல்?”

இளவழுதி கண்ணைச் சுருக்கினான். ஒரு சின்ன உருவம், அதன் மேலே ஏதோ ஆடியது.

“மூணு?”

“ஒண்ணு!” முல்லை துள்ளினாள். “அப்பா, ஒண்ணுதான்! உனக்குத் தெரியல! நெசமாவே தெரியல!”

அப்பாவுக்கு ஒன்று தெரியவில்லை என்பதில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷமா! ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவள்தான் பிடித்தாள், அவன் அல்ல. “கவலைப்படாதப்பா, நான் பாத்துச் சொல்றேன்” என்றாள். அப்படியே அவள் அம்மாவின் குரல்.

பச்சைக் கட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கழுத்தை அண்ணாந்தாள். எங்கே, வாயைத் திறந்து ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவோமோ என்று இளவழுதி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“தி...” என்றாள் முல்லை. “ரு. திரு. திரு-ன்னு போட்டிருக்குப்பா.”

படிக்கிறாள்! மகள் படிக்கிறாள், தன் காதில் விழுகிறது! அந்த இரைச்சலில் அந்த ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“அப்புறம்?” அவனுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. சீர்காழியிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் பாதி ‘திரு’வில்தான் ஆரம்பிக்கும்.

“அப்புறம் மு...” திடீரென்று அவள் குரல் எகிறியது. “மு... ல்... லை! அப்பா! முல்லை! என் பேரு! பஸ்ல என் பேரு போட்டிருக்குப்பா!”

வேர்க்கடலைக்காரர் திரும்பிப் பார்த்தார். முல்லை குதித்தாள். குதித்த குதியில் ஒரு செருப்பு கழன்று பறந்தது. “என் பேரு! என் பேரு! திருமுல்லை! அப்பா, நான் திருமுல்லை!”

அது திருமுல்லைவாசல் போகிற பஸ். திருவெண்காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத திசை. ‘இது நம்ம பஸ் இல்ல பாப்பா’ என்ற வார்த்தை இளவழுதியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பலகை முன்னால் நின்று எத்தனையோ முறை சொன்ன ‘தப்பு, இன்னொரு தடவை’ மாதிரியே வந்தது. ஆனால் எது தப்பு? அவள் படித்தது சரி. பஸ்தான் தப்பு.

“ஏறுவோமா?” என்று கேட்டான்.

“ஏறலாம்! என் பஸ்ல ஏறலாம்!”

தரையைத் துழாவிச் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு, இரண்டு பேரும் ஏறினார்கள். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்தார்.

“எங்க சார்?”

“இந்த பஸ் எங்க போகுதோ அங்க.”

கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இது எங்க போகுதுன்னு தெரியாமலா ஏறினீங்க?”

“எனக்குத் தெரியும் மாமா!” என்றாள் முல்லை. “இது என் பஸ்ஸு. என் பேரு போட்டிருக்கு. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, நான்தான் படிச்சு ஏத்திவிட்டேன்.”

“உன் பேரு என்னம்மா?”

“முல்லை.”

“அப்ப சரிதான்” என்றார் அவர். “முதலாளியம்மா, டிக்கெட்டை நீங்களே புடிங்க.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஜன்னல் சீட்டு முல்லைக்கு. சாலையில் ஓடுகிற ஒவ்வொரு போர்டையும் அப்பாவுக்குப் படித்துச் சொல்லவேண்டிய பொறுப்பும் முல்லைக்கு.

“பஞ்சர் ஒட்... ஒட்டப்படும். அப்பா, பஞ்சர் ஒட்டப்படும்!”

“எங்க?”

“போயிடுச்சு. நீ பாக்கல. கோழித் தீ... கோழித் தீவனம். தீவனம்னா என்னப்பா?”

“கோழி சாப்பாடு.”

“சாப்பாடுன்னே எழுதியிருக்கலாம்ல? அப்பா! இங்கு ஐஸ் கிடக்கும்!”

“என்னது?”

“இங்கு ஐஸ் கிடக்கும்னு போட்டிருக்கு.”

இளவழுதிக்கு அந்த போர்டு தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிச்சயம் திருத்தியிருப்பான். தெரியாததால், “எங்க கிடக்குது? ரோட்டுலயா?” என்று அப்பாவியாக எட்டிப் பார்த்தான். முல்லையும் ஜன்னலில் மூக்கை வைத்துத் தேடினாள். ஐஸ் எங்கும் கிடக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசனையாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் அதே மாதிரி இன்னொரு போர்டு வந்தது. முல்லை தொடையைத் தட்டினாள்.

“ஐயோ அப்பா! கிடக்கும் இல்ல, கிடைக்கும்! முன்னாடி ஒரு சங்கிலிக் கொம்பு இருக்கு, நான் பாக்கவே இல்ல!”

சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தன் தப்பைத் தானே பிடித்துவிட்ட பெருமை தாங்கவில்லை. “ரோட்டுல ஐஸ் கிடக்குமாம்! நீயும் தேடுற!” அவள் சிரிப்பதைக் கேட்டு முன் சீட்டு அம்மாள் சிரித்தாள், கண்டக்டர் சிரித்தார். இளவழுதிக்கும் சிரிப்புத்தான். ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்ணாடி இருந்தால் கழற்றித் துடைக்கிற சாக்கில் மறைத்திருப்பான். இப்போது கையாலேயே துடைத்துக்கொண்டான்.

திருமுல்லைவாசலில் இறங்கியபோது உப்புக் காற்று வந்து மோதியது. கடலுக்கு நடந்தார்கள். கடல் அவனுக்கு ஒரு நீலப் புகையாகத் தெரிந்தது. மணலில் ஏற்றி வைத்த படகுகள் கலர் கலராகக் கிடந்தன. முல்லை அவனை ஒவ்வொரு படகாக இழுத்துப் போனாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதியிருந்தது அவளுக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

“கடல் ரா... ராணி. அப்பா, படகுக்கும் பேரு வப்பாங்களா?”

“வப்பாங்க போலிருக்கே. அடுத்தது என்ன?”

“வே, ல, வ, ன்... வேலவன் துணை. அடுத்தது இங்கிலீஷ். எனக்குத் தெரியாது.”

எவ்வளவு லேசாகச் சொன்னாள்! பலகை முன்னால் ஒருநாளும் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை, வாயை மூடிக்கொள்வாள். இங்கே போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த படகுக்கு ஓடினாள்.

போன் அடித்தது. மூக்கருகே கொண்டுவந்து பார்த்தான். சுடர்.

“எங்க இருக்கீங்க? சோறு ஆறிப்போச்சு.”

“திருமுல்லைவாசல்ல.”

“எங்க?!”

“பாப்பா பஸ் போர்டைப் படிச்சா. ஏறிட்டோம்.”

“நீங்க பாக்கலையா? கண்ணாடி எங்க?”

“கண்ணி அக்கா புடுங்கிகிட்டாங்க.”

“அந்த அம்மாவுக்குத்தான் கிறுக்குன்னா உங்களுக்குப் புத்தி எங்க போச்சு? சின்னப் பிள்ளையை நம்பி...” படபடவென்று பொரிந்தவள் சட்டென்று நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “படிச்சாளா?”

“படிச்சா.”

“உங்ககிட்டயா?”

“என்கிட்டதான் சுடர். என்கிட்டதான்.” மணலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான். யார் பார்த்தார்களோ பார்க்கவில்லையோ, அவனுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து சீர்காழியில் சரியான பஸ்ஸையும் முல்லைதான் கண்டுபிடித்தாள். “திருவெண்காடு. மங்கைமடம் வழி. இதுல என் பேரு இல்ல, ஆனா பரவால்ல” என்று ஏற்றிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மறுபடி சீர்காழி. முல்லை மொட்டைமாடிக்கு ஓட, சிஷ்யன் மூச்சு விடாமல் கதை முழுவதையும் கொட்டினான். முல்லை சொன்னதை முல்லை குரலிலும், கண்டக்டர் சொன்னதைக் கண்டக்டர் குரலிலும் சொன்னான். செருப்பு பறந்ததைக் காட்டுவதற்குத் தன் செருப்பையே உதறப் பார்த்தான். கண்ணி தோசை மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டாள். ‘ஐஸ் கிடக்கும்’ வந்தபோது கரண்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பெரிய டீச்சர்கிட்ட நாளைக்குப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“எதுக்குப் போகணும்? நல்லா கேட்டீங்க போங்க!” என்றான். உடனே முகம் மாறியது. “ஆனா ஒண்ணு அக்கா. நாளையிலேருந்து என்ன செய்யறது? தினமும் கண்ணாடி இல்லாம இருந்துடவா?”

“எதுக்கு? மாடிப்படியில உருண்டு விழவா?”

உள்ளே போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் லேசாகக் கடலைப்பருப்பு வாசனை அடித்தது. இளவழுதி அதை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“இதை மாட்டினா எனக்கு எல்லாம் தெரிஞ்சுடுதே. தெரிஞ்சதை எப்படி அவகிட்டக் கேக்குறது? தெரியாத மாதிரி நடிக்கட்டுமா?”

“நடிச்சுப் பாருங்க. அடுத்த நிமிஷம் கண்டுபிடிச்சிடுவா.”

“அப்ப, கண்ணாடியையும் போட்டுக்கணும், நடிக்கவும் கூடாது. நான் என்னதான் அவகிட்டக் கேக்குறது அக்கா?”

கண்ணி அவனை மொட்டைமாடிக் கதவுக்குக் கூட்டிப் போனாள்.

வெளியே முல்லை தனியாக நின்றாள். துணி காயப்போடும் கொடியில், பக்கத்து வீட்டு பாதாம் மரத்திலிருந்து விழுந்த சருகுகளை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சருகையும் காதில் வைத்துக் கேட்டாள். சிலதை மாட்டினாள். சிலதைத் தலையசைத்து ஓரமாக வைத்தாள். ஒன்றுக்கு முத்தம் கொடுத்தாள்.

“கண்ணாடியைப் போடுங்க” என்றாள் கண்ணி.

போட்டுக்கொண்டான். உலகம் பளிச்சென்று வந்தது. மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது. கிளிப்பின் துரு தெரிந்தது. சருகின் நரம்புகூடத் தெரிந்தது.

“நல்லாத் தெரியுதா அண்ணே?”

“சுத்தமாத் தெரியுது அக்கா.”

“என்ன பண்றா?”

இளவழுதி பார்த்தான். கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்து பார்த்தான். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்தான்.

“தெரியலையே அக்கா.”

“அப்புறம் என்ன? போய்க் கேளுங்க.”